முதல் சீட்டுக்குக் காப்பீடு தேவையில்லை: டெல்டாவில் மனநல மருத்துவம் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது எங்கள் தோப்பில் முக்கால்வாசித் தென்னை படுத்துவிட்டது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊர். விழுந்த மரத்தைக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வந்தார், தாசில்தார் வந்தார். என் தம்பி ராத்திரியெல்லாம் கையில் டார்ச்சோடு தோப்புக்குள் நடந்துகொண்டிருந்தான். அது வியாதி என்று எங்களுக்குப் புரிய நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகும் யாரிடம் போவது, எவ்வளவு ஆகும், இன்சூரன்ஸ் கொடுப்பானா என்று விசாரித்து விசாரித்தே இன்னும் ஒரு மாதத்தைத் தொலைத்தோம். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

தம்பி தேறிவிட்டான். அந்தக் கதை தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதிலையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த வழியில் நடந்து வந்தவள், அவ்வளவுதான்.

அக்கா, மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் எல்லாம் ஒண்ணுதானே? யாரிடம் முதலில் போறது?

ஒன்றில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல குடும்பம் பணத்தை விடுகிறது.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நம்ம ஊரில் 'சைக்யாட்ரிஸ்ட்' என்கிறோம். மாத்திரை எழுதுவதும், பெட்டில் சேர்த்து வைத்தியம் பார்ப்பதும் இவர் வேலை. மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் மேல்படிப்பு படித்து, அதன்மேல் மருத்துவ உளவியலில் எம்.ஃபில். போன்ற பயிற்சியும் முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். மறுவாழ்வுக் குழுமத்தைப் பலரும் 'ஆர்.சி.ஐ.' என்பார்கள், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். பேச்சுவழி சிகிச்சை, பரிசோதனைகள், குழந்தைகளின் கற்றல் சிக்கல் பார்ப்பது இவர் துறை. 'கவுன்சிலர்' என்ற போர்டு மட்டும் மாட்டியிருந்தால், அவர் என்ன படித்தார் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சில மாத டிப்ளமோ முடித்தவரும் அந்தப் போர்டை மாட்டலாம்.

யாரிடம் முதலில் போவது? தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோ பேசுவது காதில் கேட்கிறது, வீண் சந்தேகம், சாகணும் என்கிற பேச்சு: இதில் ஒன்று இருந்தாலும் நேரே மனநல மருத்துவர். பிரசவமாகித் தாய்வீட்டில் இருக்கும் பெண் குழந்தையைத் தொடவே மாட்டேன் என்றாலும் அப்படியே. பரீட்சை பயம், மாமியார் மருமகள் மனஸ்தாபம், துக்கம், படபடப்பு என்றால் உளவியலாளரிடம் தொடங்கலாம். தப்பான கதவைத் தட்டினாலும் நல்லவராக இருந்தால் சரியான கதவைக் காட்டி அனுப்புவார்.

அவர் நிஜமாகவே படித்தவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டாக்டர் என்றால் மருந்துச் சீட்டிலேயே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வுக் குழுமத்தின் மத்தியப் பதிவேட்டில் ஒரு எண் இருக்கும், அதை 'சி.ஆர்.ஆர். நம்பர்' என்பார்கள்.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'சார், உங்க சி.ஆர்.ஆர். நம்பர் எழுதித் தர்றீங்களா? இன்சூரன்ஸுக்கு வேணும்' என்று சொல்லுங்கள். முறையாகப் படித்தவர் உடனே சொல்லிவிடுவார். கோபித்துக்கொள்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

சரி, இங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சென்னைக்கோ பெங்களூருக்கோ போகணுமா?

தேவையே இல்லை. கீழ்ப்பாக்கத்தையும் பெங்களூரையும் நினைத்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு நாலா பக்கமும் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் வந்தது. திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. திருவாரூரில் 2010 முதல். நாகப்பட்டினம் கல்லூரி 2022-இல் ஒரத்தூரில் தொடங்கியது. மயிலாடுதுறைக்காரர்கள் அரசு பெரியார் மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம்.

இது தவிர மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1990-களில் நாட்டில் தொடங்கியபோதே தமிழ்நாட்டில் திருச்சி மாவட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. இந்தத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். உங்கள் ஊர் ஜி.எச்.சில் போய், 'மனநல டாக்டர் எந்தக் கிழமை வர்றாங்க?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல பேருக்குத் தஞ்சாவூர் பஸ் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இதில் எதுவும் தோதுப்படவில்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு சேவை. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம். எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் சமயத்தில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி வையுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் முதல் நாள் என்ன நடக்கும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போகாதவர்களுக்கு இதுதான் பெரிய பயம்.

காலையிலேயே போய்விடுங்கள். தஞ்சாவூர் என்றால் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து மெடிக்கல் காலேஜ் பக்கம்தான். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நின்று பெயர், வயது, ஊர் சொன்னால் சீட்டு கிடைக்கும். 'எந்த டிபார்ட்மென்ட்?' என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்கு வாய் வரவில்லை. பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். நான் தயங்குவதைப் பார்த்து கவுண்டரில் இருந்த அம்மா தலையைத் தூக்காமலே, 'தூக்கம் வரலையா, மனசு சரியில்லையா? பன்னெண்டாம் நம்பர் ரூம்' என்று மெல்லச் சொல்லிச் சீட்டை நீட்டினார். அந்த அம்மா முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உள்ளே முதலில் இளம் டாக்டர்கள் விவரம் கேட்டு எழுதுவார்கள்; பிறகு பெரிய டாக்டர் பார்ப்பார். கூட ஒருவர் போங்கள், வீட்டில் நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும். என்றைக்குத் தூக்கம் கெட்டது, எவ்வளவு இளைத்தார், சர்க்கரை பிரஷருக்கு என்ன மாத்திரை போகிறது, தாய் தகப்பன் வழியில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். தைராய்டு கெட்டாலும் மனசு சோர்ந்துபோகும். மாத்திரை அங்கேயே இலவசம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடாதீர்கள்.

இந்த முதல் நாளுக்கு இன்சூரன்ஸ் கார்டு வேண்டாம், பாலிசி நம்பர் வேண்டாம், வருமானச் சான்றிதழும் வேண்டாம். நாங்கள் இது தெரியாமல்தான் அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தோம். காப்பீடு விசாரிப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், ஆளை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்.

மனநோய்க்கு இன்சூரன்ஸ் கிடையாதுன்னு ஏஜென்ட் சொல்றாரே?

பழைய காலத்தில் உண்மை. இப்போது இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2018 ஆகஸ்டில் எல்லா நிறுவனங்களுக்கும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. பிறகும் சிலர் இழுத்தடித்ததால், 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசியிலும் சேர்த்தாக வேண்டும் என்று கெடு வைத்தது. உடல் நோய்க்கு முழுத்தொகை, மனநோய்க்கு மட்டும் சொற்பத் தொகை என்று வரம்பு வைத்ததை டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் ஏற்கவில்லை.

ஏஜென்டிடம் சண்டை போட வேண்டாம். 'அண்ணே, 21(4) இருக்கே, எழுத்துல மறுத்துக் குடுங்க' என்று கேளுங்கள். பேச்சு மாறிவிடும்.

அப்போ கவுன்சலிங் ஃபீஸ், மாதாமாத டாக்டர் ஃபீஸ் எல்லாம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. இதில் யாரும் உங்களை ஏமாற்றவில்லை. நம் பாலிசிகளில் அநேகம் பெட்டில் சேர்ந்து 24 மணி நேரம் இருந்தால்தான் பணம் தரும். காய்ச்சலுக்கு கிளினிக் போய் ஊசி போட்டால் எப்படிப் பணம் வராதோ, அதே மாதிரிதான் இதுவும்.

சில பாலிசியில் புறநோயாளிச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை இருக்கும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பாலிசியில் 'மருத்துவர்' என்ற சொல்லுக்கு, மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்றுதான் பொருள் எழுதியிருக்கும். உளவியலாளர் அந்தக் கவுன்சிலில் பதிவு செய்பவர் இல்லை. அவர் தனியாகக் கொடுக்கும் ரசீது செல்லாமல் போக இதுதான் காரணம். அதே உளவியலாளர், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும்போது மனநல மருத்துவர் சொல்லிப் பார்த்து, அது ஆஸ்பத்திரி பில்லிலேயே வந்தால் நிலைமை வேறு. அதனால் போனில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: 'மனநல மருத்துவர் ஃபீஸ் உண்டா?', 'உளவியலாளர் ஃபீஸ் உண்டா, டாக்டர் எழுதிக் கொடுத்தால் உண்டா?'

சேர்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். யாரிடம் என்ன கேட்பது?

இரண்டு இடத்தில் கேட்க வேண்டும், ஒரே இடத்தில் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. ஆஸ்பத்திரி கவுண்டரில் 'எல்லா இன்சூரன்ஸும் எடுப்போம்' என்பார்கள். அவர்கள் சொல்வது ஆஸ்பத்திரிக்குப் பொதுவாக. மனநலப் பிரிவுக்கு அதே ஒப்பந்தம் இருக்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய பதில்.

என் நோட்டில் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசியது இப்படி இருக்கிறது ('நெட்வொர்க்' என்றால் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகள்; 'கேஷ்லெஸ்' என்றால் நாம் கையிலிருந்து கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது):

'வணக்கம் தம்பி, பாலிசி நம்பர் குறிச்சுக்கங்க. தஞ்சாவூர்ல இன்ன ஆஸ்பத்திரி உங்க நெட்வொர்க்கில இருக்கா?'

'இருக்கு மேடம்.'

'மனநல அட்மிஷனுக்கும் கேஷ்லெஸ் உண்டா?'

'ஒரு நிமிஷம் மேடம்...' (ஆறு நிமிஷம் ஆனது.) 'உண்டு மேடம். டாக்டர் நோயின் பேர் எழுதிக் குடுக்கணும்.'

'காத்திருப்புக் காலம் ஏதாச்சும் பாக்கி இருக்கா? ரூம் வாடகைக்கு வரம்பு எவ்வளவு?'

'சொல்றேன் மேடம்.'

'நல்லது தம்பி. இப்ப சொன்னதையெல்லாம் மெயில்ல போட்டுவிட்டுடுங்க. உங்க பேர் என்ன? இந்தப் புகார் நம்பர் மாதிரி ஏதோ சொல்வீங்களே, அதையும் சொல்லுங்க.'

கடைசி வரிதான் முக்கியம். வாய்ப்பேச்சு கிளெய்ம் சமயத்தில் நிற்காது, மெயில் நிற்கும்.

ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டியது வேறு. மனநலச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா? எத்தனை படுக்கை? 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கையாவது இருந்தால்தான், பதிவுபெறாத இடத்தைப் பாலிசிக்காரர்கள் ஆஸ்பத்திரி என்று ஒத்துக்கொள்வார்கள். நாலு கட்டில் போட்ட 'மறுவாழ்வு இல்லம்' அந்தக் கணக்கில் வராது. 2024 மே மாத விதிப்படி, கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். கவுண்டரில் உட்கார வைத்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

உங்கள் தம்பிக்கு கிளெய்ம் மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். ஏன்?

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்த ஒரு வரியால்.

தம்பியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் சேர்த்திருந்தோம். டாக்டர் நல்லவர். பையனுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று, நோயின் பெயரை எழுதாமல் 'கண்காணிப்பு, ஓய்வு' என்று எழுதிக் கொடுத்தார். நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டோம். ஒரு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: ஓய்வுக்காகவும் பரிசோதனைக்காகவும் சேர்ந்ததற்குப் பணம் கிடையாது. பாலிசியை எடுத்துப் பார்த்தால் அது உண்மைதான். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விலக்குப் பட்டியலில் 4-ஆவது வெறும் பரிசோதனைக்காகச் சேர்வது, 5-ஆவது ஓய்வுக்காகச் சேர்வது. எங்கள் நல்லதுக்கு எழுதிய வரி எங்களையே அந்த இரண்டுக்குள்ளும் தள்ளிவிட்டது.

மஞ்சப்பையில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனேன். 'டாக்டர், ஊர் பேசறதை நாங்க பாத்துக்கறோம். உள்ளதை எழுதிக் குடுங்க' என்றேன். அவர் கடுமையான மனச்சோர்வு என்று எழுதி, பக்கத்தில் எஃப் 32 என்று சர்வதேச நோய்க் குறியீட்டையும் போட்டு, என்ன ஊசி, என்ன மாத்திரை, ஏன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினோம். பணம் வந்தது.

அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு வந்து பிரிக்காதீர்கள். பெட்டை விட்டு எழும் முன்னால் படியுங்கள். நோயின் பெயர், எஃப் என்று தொடங்கும் குறியீடு, கொடுத்த சிகிச்சை, சேர்த்த காரணம் நான்கும் இருக்க வேண்டும்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலர். அசையவில்லை என்றால் ஒழுங்காற்று ஆணையத்தின் 155255 எண், அல்லது புகார் கொடுக்க அவர்கள் வைத்திருக்கும் பீமா பரோசா இணையதளம். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் எழுதலாம். ஓராண்டுக்குள் எழுதிவிடுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் பார்க்கலாம்.

பாலிசி எடுக்கும்போது பழைய வைத்தியத்தை மறைத்துவிடலாமா? சொன்னால் கொடுக்க மாட்டேங்கிறாங்க.

மறைக்காதீர்கள். கட்டிய பிரீமியம் எல்லாம் வீணாகிவிடும். சேர்க்கும்போது டாக்டர் 'எத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடுறார்?' என்று கேட்பார், நீங்களும் உண்மையைச் சொல்வீர்கள், அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். கம்பெனிக்காரர் படிப்பது அதைத்தான். சொல்லி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்கச் சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. மூன்று வருஷம் ஓடிவிடும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறோம். அதில் பார்க்கலாமா?

அரசு ஆஸ்பத்திரியில் பார்ப்பதானால் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்குச் செலவில்லை. தனியாரில் என்றால், இந்தத் திட்டம் சிகிச்சைப் பட்டியல் வைத்து நடக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் என்பது சரிதான், ஆனால் அந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்க வேண்டும், அந்த ஆஸ்பத்திரி அந்தச் சிகிச்சைக்கு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ஆஸ்பத்திரி பெயரையும் நோயின் பெயரையும் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போகலாம்.

பையன் சென்னையில் ஐ.டி. கம்பெனி. மருமகன் சிங்கப்பூரில். அவர்கள் இன்சூரன்ஸ் எங்களுக்கு உதவுமா?

பையனுடையது உதவலாம். கம்பெனி குழுக் காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால், பெரும்பாலும் காத்திருப்புக் காலமும் இருக்காது. மன்னார்குடியில் இருப்பவர்களுக்கு அந்தக் கம்பெனியின் நெட்வொர்க் ஆஸ்பத்திரி தஞ்சாவூரிலா திருச்சியிலா என்று பையனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக் காப்பீடு பொதுவாக அங்கே வேலை பார்ப்பவரின் வைத்தியத்துக்குத்தான். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இதை நம்பி இருந்துவிட்டுக் கடைசியில் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

குடியை நிறுத்தச் சேர்த்தால்?

குடி, போதைக்கான வைத்தியம் பொது விலக்குப் பட்டியலில் 12-ஆவதாக இருக்கிறது; தனியார் பாலிசியில் அநேகமாகக் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரியில் சேருங்கள். குடி நோயாளியைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி வீட்டிலேயே பூட்டி வைப்பது ஆபத்து. கைநடுக்கம் வலிப்பு வரை போகும்.

குணசீலம் கூட்டிப்போய் ஒரு மண்டலம் இருக்கச் சொல்றாங்க மாமியார். டாக்டரா, கோயிலா?

கூட்டிப்போங்கள். குணசீலத்துப் பெருமாள் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. தம்பி 48 நாளும் அங்கே இருந்தான். தீர்த்தம் முகத்தில் படும்போது அவன் அழுததை, நாலு மாதத்துக்குப் பிறகு அவன் அழுததை, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாத்திரை டப்பா என் இடுப்பில் இருந்தது. நாகூருக்குப் போகிறவர்களுக்கும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: மாத்திரையை நிறுத்தாமல் போங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

சங்கிலி போடும் இடத்துக்கு மட்டும் யார் சொன்னாலும் போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டி வைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது.

பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். ஆஸ்பத்திரியில் பதிவானால் வெளியே தெரிஞ்சுடுமே?

அந்தப் பயம் எனக்குப் புரியும். சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ஆஸ்பத்திரி சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாது. ஊரில் தெரிவது பெரும்பாலும் நம் வாயால்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வசதி என்றால் அங்கே போங்கள், தப்பில்லை. வைத்தியத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கல்யாணத்தை முடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பெண் புது வீட்டில், தெரியாத மனிதர்கள் நடுவில், தனியாக அதை அனுபவிக்க வேண்டியிருக்கும்.

சாகப்போறேன்னு சொல்றார். இப்ப என்ன செய்யறது?

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். தனியாக விடாதீர்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது, சொல்ல வழி கிடைக்கும். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் அது திண்ணை மூலையிலும் மாட்டுக் கொட்டகைப் பரணிலும் கிடக்கும். எடுத்து வேறு வீட்டில் பூட்டி வையுங்கள். 14416-க்குப் பேசுங்கள். ஏதாவது செய்துகொண்டுவிட்டால் 108.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் விட்ட வீடு எங்கள் தெருவிலேயே உண்டு. ஆஸ்பத்திரியில் விவரம் பதிவார்கள், போலீஸ் வந்து கேட்கும், அவ்வளவுதான். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லவே இல்லை. தயங்காமல் கொண்டுபோங்கள்.

தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் போனை வைப்பதில்லை. விழுந்த இடத்தில் புதுக் கன்று வைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய் வருகிறான், இப்போதெல்லாம் தனியாகத்தான் போகிறான். போன தடவை திரும்பி வரும்போது ஓ.பி. வரிசையில் பார்த்த ஒரு பெரியவருக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவர் அன்று ராத்திரியே பேசினார். 'ஆத்தா, உன் தம்பி சொன்னான், கேட்டா சொல்லுவேன்னு' என்றார்.